மெய்யென்று தீர்ந்தால் அழிக்கப்படும்

கலைச்செல்வி இறந்த எட்டாம் மாதம் அவள் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் அவளுக்குச் சொல்ல எதுவுமில்லை என்று கருதப்படும்.

அவள் விமானப் பணிப்பெண். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய்வரும் விமானங்களில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தாள். போன இடத்தில் தங்க நேர்ந்தால் கம்பெனி தங்கல் படி கொடுக்கும். படியை உண்மையாகவே செலவழித்திருந்தால் அதற்கு வரி விலக்கு உண்டு. செலவழித்ததாக அவள் காட்டியிருந்தாள். உண்மையாகவே தங்கினாளா, உண்மையாகவே தின்றாளா என்று துறைக்குச் சந்தேகம். இந்தச் சந்தேகத்துக்கென்றே ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். பெயர், வெளித்தங்கல் படி மெய்யறியும் பிரிவு.

நான் அதே திருவனந்தபுரத்தில், பழவங்காடியில் ஒரு மருந்து மொத்தக் கடையில் காலாவதித் தேதி பார்க்கிறவன். எம்.எஸ்ஸி. வேதியியல். கலைச்செல்விக்கு வந்தது எலிக்காய்ச்சல். நான்கு நாள். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நோட்டீஸை ஆடிட்டர் கோமதிநாயகத்திடம் கொண்டுபோனேன். திருநெல்வேலிக்காரர். முப்பது வருஷமாகப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறார்.

"என்னவே இது, செத்தவளக் கூப்புடுதான்? சர்டிபிகேட் அனுப்பலையா?"

"அனுப்பியாச்சு சார். வெற்றிகரமாகப் பதிவேற்றியதற்கு வாழ்த்துகள்னு மெசேஜ் வந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ தங்கினதுக்கு ரசீது இருக்கா?"

"ஓட்டல் பில்லு கம்பெனி நேரா கட்டிரும். சாப்பாட்டுக்கு அவ ரசீது வாங்கறதில்ல."

"கைப்பட ஏதும் எழுதி வச்சிருக்காளா? டைரி கியிரி?"

இருந்தது. நீல அட்டை போட்ட சின்ன நோட்டு. அவள் பெட்டியின் வெளிப்பையில் இருந்தது. எட்டு மாதமாக நான் அதைத் திறக்கவில்லை. அவள் பேச்சில் நான் இன்னும் கேட்காதது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். திறந்தால் அதுவும் தீர்ந்துவிடும்.

"இருக்கு," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பெறகென்ன! ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாரும். நான் இருக்கம்லா."

ஜெராக்ஸ் கடை வரை போனேன். ஒவ்வொரு பக்கமாகத் திறக்க வேண்டும் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அசலையே எடுத்துப்போனேன்.

பிரிவு தம்பானூரில் ஒரு பழைய லாட்ஜில் இயங்கியது. வாடகைக்கு எடுத்தபோது லாட்ஜில் எதையும் மாற்றக் கூடாது என்று ஒப்பந்தமாம். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சாவிப்பலகை அப்படியே இருந்தது. வருகைப் பதிவேடும் பழையதுதான். பெயர், ஊர், எத்தனை நாள் தங்கல் என்று வரிசையாகக் கேட்டது. கடைசிக் கட்டத்தில் 'உடன் வரும் பெண்ணுடன் உறவு' என்று இருந்தது.

"அதும் பூரிப்பிக்கணும்," என்றார் வாட்ச்மேன். நிரப்ப வேண்டும் என்று அர்த்தம்.

'மனைவி. வரவில்லை' என்று எழுதினேன்.

இருநூற்று நான்காம் அறையில் ஹரிகுமார் இருந்தார். மெய்யறியும் அதிகாரி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மேஜை. குளியலறை நிறைய ஃபைல்கள். பக்கத்து நாற்காலியில் ஸ்ரீலட்சுமி என்ற பெண், பிரிவின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அவள் அம்மா தமிழ் சீரியல் பார்ப்பவர் என்பது பணிப்பதிவேட்டில் தகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது.

"இரிக்கணும்," என்றார் ஹரிகுமார். "ஆத்யம் என்றெ அனுதாபம். அது ஃபைல்ல ஏற்றியிட்டுண்டு. இனி காரியம். வேலை ஸ்தலத்தினு வெளியில தங்கியாலே விலக்கு உள்ளூ. கலைச்செல்வியோட வேலை ஸ்தலம் ஏதாணு?"

"விமானம்," என்றேன்.

கோமதிநாயகம் என் காலை மிதித்தார். அதற்குள் சொல்லியாகிவிட்டது.

"கரெக்ட். அப்போ விமானத்தினு வெளியில எவிடெ தங்கியாலும் வெளித்தங்கல். மஸ்கட்ல ஓட்டல், வெளித்தங்கல். கரமனையில நிங்ஙளோட வீடு?"

"வீடு சார்."

"அதும் வெளித்தங்கல். நாலு கொல்லமா அவர் நிங்ஙளோட வீட்டில டூர்ல ஆயிருந்நு." கொல்லம் என்றால் வருஷம். அவர் இதை மிகவும் மெதுவாக, எனக்கு வலிக்காமல் சொன்னார். "வாடகை வாங்கியோ?"

"யார்கிட்ட?"

"பார்யகிட்ட."

"இல்ல."

"எழுதிக்கோ ஸ்ரீலட்சுமி. பர்த்தாவு வாடகை வாங்கியில்ல. அவர் டூர்ல தங்கினதுக்குச் செலவே இல்ல."

கோமதிநாயகம் எழுந்தார். "சாறே, அப்படிப் பாத்தா உலகத்துல ஒரு பயலுக்கும் வீடே கெடையாதே!"

"அது வேற பிரிவு," என்றார் ஹரிகுமார்.

வேறு வழியில்லாமல் நோட்டை மேஜையில் வைத்தேன். ஒரு கையை அதன்மேல் வைத்திருந்தேன். நான் கையை எடுக்கும்வரை ஹரிகுமார் காத்திருந்தார். பிறகு நோட்டை எடுத்து உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

"எப்ப சார் திருப்பிக் கிடைக்கும்?"

"மெய் அறிஞ்ஞ பின்னெ."

கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். 'நீல நிறப் பொருள், ஒன்று.'

பதினைந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மறுபடி கூப்பிட்டார்கள். அந்தப் பதினைந்து நாளும் கடையில் நான் தேதி பார்த்த பெட்டிகளை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

ஸ்ரீலட்சுமி முன்னால் ஒரு பட்டியல். நோட்டை முழுக்கப் படித்திருந்தாள். என்னைப் பார்க்காமல் பட்டியலை மட்டும் பார்த்தாள்.

"ஆகெ நூற்றிப்பதினேழு மணிக்கூர் தாமசம், சாறே."

"வாயிக்கூ," என்றார் ஹரிகுமார். வாசி என்று பொருள்.

"'மஸ்கட். வண்டியிலயே நாலு மணி நேரம் தாமசம்.' 'தமாம். மூணு மணி நேரம் தாமசம், கதவு கூடத் தெறக்கல.' 'தோஹா. இன்னிக்கும் தாமசம்.'"

ஹரிகுமார் நாற்காலியில் சாய்ந்தார். "கேட்டோ? அவர் விமானத்திலதன்னெ தாமசிச்சிருந்நு."

எங்கள் பக்கத்துத் தமிழில் தாமசம் என்றால் தாமதம். வண்டி லேட். மலையாளத்தில் தாமசம் என்றால் குடியிருப்பது. கலைச்செல்வி விமானம் கிளம்பத் தாமதமானதை எழுதியிருந்தாள். துறை அவள் விமானத்தில் குடியிருந்ததாக வாசித்தது.

"சார், தாமசம்னா லேட்டு."

"லேட் ஆனப்போ எவிடெ இருந்நு?"

"விமானத்துல."

"எத்ர நேரம்?"

"அதான், நாலு மணி நேரம்."

"அப்போ தாமசம்தன்னெ." அவர் குரலில் வெற்றி இல்லை. பொறுமை இருந்தது. "கதவு தெறக்கலன்னு எழுதியிருக்கு. அடச்ச முறி, மூடின அறை. ஏசி உண்டோ?"

"உண்டு."

"ஆகாரம்?"

"கம்பெனி கொடுக்கும்."

"அடச்ச முறி, ஏசி, ஆகாரம். முதலாளி இலவசமாக் கொடுத்த தாமசம். அதினு வரி உண்டு. படுத்துக் கிடக்கான் பற்றுமோ?"

"பணிப்பெண்ணுக்கு மடக்கு சீட்டு சார். கதவுப் பக்கத்துல. சாயவே சாயாது."

"மடக்குக் கட்டில்," என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீலட்சுமி எழுதினாள்.

கோமதிநாயகம் விசிறிக்கொண்டிருந்த ஃபைலை நிறுத்தினார். "எம்மா, ஒங்க அம்மா எந்த சீரியல் பாக்காவ? அதுல யாருக்கும் லேட்டாவே ஆகாதா?"

"மலையாளத்தில ரெண்டு அர்த்தமும் உண்டு," என்றார் ஹரிகுமார். "நாங்கள் ரெண்டினும் வரி போடும். பின்னெ இந்த இட்டலி."

"என்ன இட்லி?" என்றேன்.

"பதினாறு பேஜில உண்டு. 'வீட்டு இட்லிதான்' என்னு. அப்போ தங்கின இடத்தில ஆகாரத்தினு செலவு செய்தில்ல. இட்டலி ஆராணு உண்டாக்கியது?"

"நான்."

"பர்த்தாவு பார்யக்குக் கொடுத்த கிஃப்ட். அதினு வரி இல்ல." முதன்முறையாகச் சிரித்தார். "கண்டோ? எல்லாத்தினும் வரி போடுற ஆளல்ல ஞான்."

அப்புறம் அவர் எழுந்து நின்றார். ஸ்ரீலட்சுமியும் எழுந்தாள். நாங்களும் எழுந்தோம்.

"இந்தப் பிரிவு தொடங்கி ஆறு கொல்லம். இதுவரெ ஒரு ஆதாரம்கூட மெய்யென்னு தீர்ந்நிட்டில்ல. எல்லாரும் கள்ளம். பைலட் கள்ளம். ஓட்டல் பில் கள்ளம். இது ஆத்யம். ஒரு பொய் இல்ல. காப்பி நல்லாயில்ல என்னு வரெ எழுதியிருக்கு. ஸ்ரீலட்சுமியோட டிரான்ஸ்லேஷன் ஞான் ராத்திரி இருந்நு வாயிச்சு. முழுவனும் விஸ்வசிச்சு." அவர் கண் கலங்கியிருந்தது. "நிங்ஙளோட பார்ய சொன்னதை அரசாங்கம் அங்கீகரிக்குந்நு."

நான் நன்றி சொன்னேன். நோட்டைக் கேட்டேன்.

"மெய்யென்னு தீர்ந்தால் திருப்பித் தரான் பற்றில்ல. பதினாலாம் விதி. சாராம்சம் பதிவாக்கும். அசல் அழிக்கும்."

"எதுக்கு சார்?"

"ஒரே மெய்யை ரெண்டு தடவை உபயோகிக்கக் கூடாதல்லோ. வெள்ளிக்கிழமை பேப்பர் அரைக்கிற வண்டி வரும்."

நான் சட்டைப் பையில் பணத்தைத் தேடினேன்.

"வரி எவ்வளவோ கட்டிடறேன் சார். இப்பவே."

"வரியினு வேண்டியல்ல இந்தப் பிரிவு," என்றார் அவர். மனம் புண்பட்டிருந்தது. "மெய்யினு வேண்டி."

மாடிப்படியில் கோமதிநாயகம் நின்றார். விதிப் புத்தகம் அவர் கையில் இருந்தது. கீழே வாட்ச்மேன் யாரிடமோ உடன் வந்த பெண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொய்னு தீந்தா என்னாகும் சார்?"

"பொய்னா கட்சிக்காரன்கிட்டயே திருப்பிருவான். பொய்ய வச்சுக்கிட்டு கவர்மெண்டு என்ன செய்யும்?" சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "வேண்டாம் தம்பி. பொய் ஆதாரம் குடுத்தா வரியில ரெண்டு மடங்கு அபராதம். உம்ம அஞ்சாறு மாசச் சம்பளம்வே. ஒரு நோட்டுக்கா?"

"அத நான் இன்னும் படிக்கல சார்."

அவர் படியிலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சொல்லும். என்ன எழுதணும்?"

வியாழக்கிழமை காலை, ஆங்கிலத்தில் அடித்த வாக்குமூலத்தின் மூன்று பிரதிகளோடு போனோம். அந்த நோட்டை என் மனைவி எழுதவில்லை. அவள் ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை. அவள் இறந்தபிறகு வரி விலக்குக்காக நான் எழுதிச் சேர்த்தது. அதில் உள்ள எதுவும் உண்மையல்ல. இப்படிக்கு, தளவாய்.

ஹரிகுமார் இரண்டு முறை படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஞான் கமிஷனருக்கு லெட்டர் அயச்சு. ஆறு கொல்லத்தில ஆத்யத்தெ மெய் என்னு. டிரெயினிங் கிளாஸில இதைப் படிப்பிக்கான் போகுந்நு." காகிதத்தை மேஜையில் போட்டார். "எந்தினா எழுதியது?"

"வரி விலக்குக்கு."

"அந்தக் காப்பி?"

"கற்பனை சார்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே பஸ் ஸ்டாண்டின் ஹாரன். திரும்பியபோது மறுபடி அதிகாரியாகியிருந்தார்.

"விஸ்வசிக்கில்ல," என்றார். "இதை விஸ்வசிச்சு ஒரு தடவை ஏமாந்நு. நிங்ஙள் எழுதியதெங்கில் உள்ளெ எந்துண்டென்னு அறியணும். நோட்டு பார்க்காமப் பறயணும். மூணு சோத்யம், மூணு கேள்வி. பதில் தப்பானால் இந்த ஸ்டேட்மெண்ட் கள்ளம், நோட்டு மெய். நாளெ வண்டியில போகும். கள்ள சத்தியத்தினு கேஸ் வேறெ."

கோமதிநாயகம் என்னைப் பார்த்தார். நான் படிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

அரக்கை உடைத்தார்கள். நோட்டு ஹரிகுமாரின் உள்ளங்கையில் திறந்திருந்தது. எனக்குத் தெரிந்தது நீல அட்டை மட்டும்.

"பிப்ரவரி பதினொண்ணு. ஷார்ஜா. எந்து எழுதி?"

ஷார்ஜாவிலிருந்து அவள் போன் செய்தால் ஹலோ என்று சொல்லமாட்டாள். முதலில் காலைப் பற்றித்தான் பேச்சு.

"கால் வீங்கியிருக்கு. ஷூ போட முடியலன்னு எழுதினேன்."

ஹரிகுமார் பக்கத்தை ஸ்ரீலட்சுமி பக்கம் திருப்பினார். அவள் படித்துவிட்டுத் தலையசைத்தாள்.

"மே மூணு. தமாம். ராத்திரி ஆகாரம் எந்து?"

மே மூன்று. தமாமில் அவள் என்ன தின்றாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சாப்பிட்டியா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். அத்துடன் சரி. ஹரிகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"காபி நல்லால்லன்னு எழுதினேன்," என்றேன்.

"ஞான் கேட்டது ஆகாரம்."

"சாறே," என்றாள் ஸ்ரீலட்சுமி. "அந்தப் பேஜில வேறெ ஆகாரம் ஒண்ணும் எழுதியிட்டில்ல. காப்பி மாத்ரம்தான்."

"காப்பி ஆகாரமாணோ?"

"பொறும் சாறே, புஸ்தகத்துல இருக்கு," என்று கோமதிநாயகம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒம்பதாம் விதி. பருகத்தக்கனவும் உணவே. இந்தா."

ஹரிகுமார் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். "ஷரி. அவசான சோத்யம். நோட்டில கடைசி வரி எந்து?"

கடைசியாக அவள் போய்வந்தது அபுதாபி. வந்த மறுநாள் காய்ச்சல். அன்று காலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததை நினைத்துப் பார்த்தேன். பெட்டியை விடவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. வழியெல்லாம் மறந்துவிடக் கூடாது என்று வைத்திருந்ததைப் போல ஒன்றைச் சொன்னாள்.

"உளுந்து வாங்கணும்," என்றேன்.

ஹரிகுமார் கடைசிப் பக்கத்துக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஸ்ரீலட்சுமியிடம் நீட்டினார்.

"அதுதன்னெ சாறே," என்றாள் அவள்.

ஹரிகுமார் நோட்டை மூடினார். "கள்ளம்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "முழுவனும் கள்ளம்."

பொய்யென்று தீர்ந்ததைத் திருப்பித் தரும்முன் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்த வேண்டும். யாரும் அதை மறுபடி உண்மை என்று நம்பிவிடக் கூடாது. முத்திரையில் மூன்று மொழி. மலையாளத்தில் 'விஸ்வாசயோக்யமல்ல' என்றிருந்தது. நம்பத்தகாதது என்று அர்த்தம். தமிழ் கிடையாது. எண்பத்தெட்டுப் பக்கம். ஸ்ரீலட்சுமி குத்தினாள். மை தொட்டு, குத்தி, திருப்பி, மை தொட்டு. ஒரு பக்கத்தில் நின்றாள்.

"சாறே, இது மாத்ரம் மூலையில அடிக்கட்டே?"

"நடுவில்," என்றார் ஹரிகுமார்.

நடுவில் குத்தினாள்.

அபராதத்துக்கான சீட்டையும் நோட்டையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். இறங்கும்போது கோமதிநாயகம் என் தோளில் கை வைத்தார். "ஃபீஸ் வேண்டாம்வே. இந்தக் கேஸ்ல நான் ஜெயிச்சனா தோத்தனான்னே தெரியல." அவர் பழவங்காடிக்கு ஆட்டோ பிடித்தார். நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு இருக்கையில் உட்கார்ந்தேன். கடைக்குப் போகவேண்டிய நேரம். நோட்டைத் திறந்தேன்.

ஷார்ஜா, கால் வீங்கியிருக்கு. நம்பத்தகாதது. தோஹா, பக்கத்து ரூமில் குழந்தை அழுகை, தூக்கமில்லை. நம்பத்தகாதது. மஸ்கட், வீட்டு இட்லிதான், பொடி அதிகம், சொன்னால் அடுத்த தடவை பொடியே வைக்கமாட்டாங்க. நம்பத்தகாதது. மை இன்னும் காயவில்லை. பக்கங்கள் ஒட்டின. ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன்.

ஜூன் பதினான்காம் தேதிப் பக்கத்தில் மூன்றே வரி இருந்தது. முத்திரை சரியாக அவற்றின்மேல் விழுந்திருந்தது. எழுத்து கீழே தெரிந்தது.

'போனில் அவங்களோட சண்டை. யோசித்துப் பார்த்தால் தப்பு என்மேலதான். சொல்லமாட்டேன்.'

எந்தச் சண்டை என்று எனக்கு நினைவிருந்தது. வள்ளியூரில் அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவள் பறந்துகொண்டிருந்தாள். நான் போய்க் கூட இருப்பதாகச் சொல்லியிருந்தேன். போகவில்லை. கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று சொன்னேன். கடையில் அன்று யாரும் ஸ்டாக் எடுக்கவில்லை. நான் வீட்டில் படுத்திருந்தேன். அவள் அதை நம்பினாள்.

முத்திரையை இன்னொரு முறை படித்தேன். அந்த ஒரு பக்கத்தில் துறை சொன்னது சரி.